ஊற்றுநீர் ஆற்றில் மீன் கண்ணெதிரே எழுகிறது, என் ஃபிளையை மட்டும் தொடுவதில்லை: எங்கே தவறு?

மோய்க்கரையான் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதினைந்து ஆண்டுகளாக இங்கே தென்னாப்பிரிக்காவின் மோய் ஆற்றிலும் புஷ்மன்ஸ் ஆற்றிலும், பூச்சிபோல் கட்டிய ஃபிளை என்னும் பொய்யிரையை வீசிப் பழுப்பு டிரவுட் மீன் பிடித்து வருகிறேன். பெரிய கைகாரன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனாலும் ஆறு தெளிந்திருக்கும் நாளில் நான் வெறுங்கையோடு வீடு திரும்புவது அரிது. அந்தத் துணிச்சலில்தான் சென்ற ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போனபோது, தூண்டில் கோலையும் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றேன். பாய்சி நகரிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரக் கார் பயணத்தில் பிக்காபோ என்ற சிற்றூர். அதன் அருகே ஓடுவது சில்வர் கிரீக் என்னும் ஊற்றுநீர் ஓடை.

அப்படி ஒரு தண்ணீரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இடுப்பளவு ஆழத்திலும் அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் நிறம் தெரிந்தது; நீர்ச்செடிகள் அவிழ்த்துவிட்ட கூந்தல்போல் நீளநீளமாக அலைந்தன; அவற்றின் இடைவெளிகளில் முழங்கை நீள மீன்கள் நின்றிருந்தன. காலை ஒன்பது மணிக்கு எழும்பத் தொடங்கின. துள்ளவில்லை, நீரைச் சிதறடிக்கவும் இல்லை. மூக்கு நுனியை மட்டும் மேலே நீட்டி, இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு முறை எதையோ உறிஞ்சிக்கொண்டே இருந்தன. நீர்மேல் எள்ளைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் மிதந்தன.

ஊரில் செய்வதுபோலவே கீழ்நீரிலிருந்து பதுங்கிச் சென்று, மீனுக்குப் பின்னால் நின்று, மேல்நீரை நோக்கி வீசினேன். ஒன்பது அடி லீடர் (நூலின் முனையில் கட்டும் மெல்லிய நரம்பு), அதன் நுனியில் 5எக்ஸ் தடிமன் டிப்பெட், நீர்மேல் மிதக்கும் 16ஆம் எண் ஆடம்ஸ் ஃபிளை (எண் கூடக் கூடக் கொக்கி சிறிது). பிறகு 18ஆம் எண். பிறகு பொறுமை இழந்து நீருக்கடியில் போகும் நிம்ஃப். சில மீன்கள் மிரண்டு ஓடின. பெரும்பாலானவை ஓடக்கூட இல்லை என்பதுதான் என்னை வதைக்கிறது. என் ஃபிளைக்கு வழிவிட்டு ஒரு விரற்கடை விலகி, அது கடந்ததும் பழைய இடத்துக்கே வந்து அடுத்த எள்ளை உறிஞ்சின. பதினோரு மணிக்கு எல்லாம் அடங்கிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் ஒரு மீனும் வாய் வைக்கவில்லை.

வரும் ஜூன் மாதக் கடைசியில் மறுபடியும் போகிறேன். இரண்டு நாள் அதே மாநிலத்தின் ஹென்றீஸ் ஃபோர்க் ஆற்றிலும் இரண்டு நாள் சில்வர் கிரீக்கிலும் நிற்பதாக எண்ணம். தவறு ஃபிளையிலா, நரம்பின் தடிமனிலா, அல்லது நான் வீசும் முறையிலேயேவா? நம் டிராக்கன்ஸ்பர்க் ஆறுகளில் செல்லுபடியாகும் வித்தை அங்கே ஏன் செல்லவில்லை?

கேப் ஓடைக்காரன் (கேப் டவுன்) எழுதியது:

ஐயா, வணக்கம். மூன்று ஆண்டுகள் ஐடஹோவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் இரண்டு மாதங்கள் எனக்கும் இதே கதிதான்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. நம் மோய் ஆறு மழையாறு. கோடையில் இடியோடு மழை கொட்டினால் மறுநாள் பழுப்பாக ஓடும், குளிர்காலத்தில் இளைத்துப்போகும். அமெரிக்க மேற்கின் ஊற்றாறுகள் அப்படியல்ல. மலைமேல் பெய்யும் பனியும் மழையும் விரிசல் நிறைந்த எரிமலைப் பாறைக்குள் இறங்கி, நெடுங்காலம் நிலத்தடியில் ஊர்ந்து, வடிகட்டப்பட்டுச் சுனையாக வெளிவருகின்றன. ஹென்றீஸ் ஃபோர்க்கின் தலையூற்றான பிக் ஸ்பிரிங்ஸில் கோடையானாலும் கடும் குளிரானாலும் தண்ணீர் ஏறக்குறைய 11 பாகை செல்சியஸிலேயே இருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 45 கோடி லிட்டர் அங்கிருந்து பொங்கி வருகிறது. (அந்த ஊற்றில் மீன்பிடிக்கத் தடை உண்டு. பாலத்தின்மேல் நின்று பார்க்கலாம். அங்கே நிற்கும் மீன்களைப் பார்த்த பிறகு தூக்கம் வருவது கடினம்.)

வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகாததால் நீர்ச்செடி தழைக்கிறது. செடி தழைப்பதால் அதில் கோடிக்கணக்கில் பூச்சி வளர்கிறது. ஆகவே மீனுக்குப் பசி என்பதே அவசரமாக இருப்பதில்லை. மோய் ஆற்று மீன், வேகமான ஓட்டத்தில் கடந்துபோகும் ஒன்றைக் கவ்வுவதா விடுவதா என்று அரை விநாடியில் முடிவு செய்தாக வேண்டும். சில்வர் கிரீக் மீனுக்கு அந்த நெருக்கடியே இல்லை. ஒரே வகைப் பூச்சி ஆயிரக்கணக்கில் மிதந்து வரும்போது அதை மட்டுமே உண்ணும். மற்றது எதுவும் அதற்கு உணவாகவே படாது.

நீங்கள் பார்த்த எள் எது என்று எனக்குத் தெரியும். அது டிரைக்கோ என்னும், மேஃபிளை வகையைச் சேர்ந்த மிகச் சிறிய நீர்ப்பூச்சி. ஆகஸ்ட் காலைகளில் காற்றில் கூட்டமாக இணைசேர்ந்து, முட்டையிட்டு, இறக்கைகளை இருபுறமும் விரித்தபடி செத்து நீரில் விழும். இந்த நிலைக்கு அங்கே ஸ்பின்னர் என்று பெயர். அதற்கு 22ஆம் எண் கொக்கியில் கரிய உடலும், நீரோடு ஒட்டிப் படுக்கும் வெளிர் இறக்கையும் கொண்ட ஃபிளை வேண்டும். நிமிர்ந்து நிற்கும் ஆடம்ஸ், அதுவும் 16ஆம் எண்ணில், எள்ளுருண்டைத் தட்டில் லட்டு வைத்ததுபோல் இருந்திருக்கும்.

ஜூன் கடைசியில் டிரைக்கோ இருக்காது. சில்வர் கிரீக்கில் பேல் மார்னிங் டன் என்ற வெளிர்மஞ்சள் மேஃபிளைதான் முக்கியம். 16, 18ஆம் எண்கள் போதும். ஹென்றீஸ் ஃபோர்க்கில் அதனோடு கிரீன் டிரேக் என்னும் பெரிய பச்சை மேஃபிளையும் உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து வரலாம். அதற்கு 10, 12ஆம் எண்கள். எந்தப் பூச்சியானாலும் தோலை முழுவதும் உரிக்க முடியாமல் நீர்ப்பரப்பில் சிக்கித் தவிக்கும் நிலையைக் காட்டும் எமர்ஜர் ஃபிளையை மறக்காதீர்கள். பறக்க முடியாததை உண்பதுதான் மீனுக்கு மிச்சம்.

இன்னொன்று. ஹென்றீஸ் ஃபோர்க்கில் எல்லோரும் போகும் ரயில்ரோடு ராஞ்ச் பகுதி முழுமையான ஊற்றாறு அல்ல. அதற்கு மேலே 1938இல் பாசனத்துக்காகக் கட்டிய அணை இருக்கிறது. உழவர்களுக்குத் தண்ணீர் தேவைப்படும் அளவைப் பொறுத்து ஆறு ஏறி இறங்கும். ஹாரிமன் குடும்பம் மாநிலத்துக்குக் கொடையாக அளித்த பண்ணை அது. 1982இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே ஜூன் 15 முதல்தான் அனுமதி, ஃபிளை மட்டும், எதிர்முள் இல்லாத ஒற்றைக் கொக்கி, பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும்.

பழைய ஷாட்காரர் (சாட்ஸ்வொர்த்) எழுதியது:

தம்பி கேப் ஓடைக்காரன் சொன்ன டிரைக்கோ கணக்கு சரிதான். ஆனால் மோய்க்கரையான் தம்பியிடம் அன்று சரியான 22ஆம் எண் ஃபிளை இருந்திருந்தாலும் ஒன்றும் அகப்பட்டிருக்காது என்பது என் கட்சி. பூச்சியின் பெயரைப் பற்றி நாம் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறோம். அவர் நின்ற இடமே தவறு.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் டர்பன் கடற்கரையில் ஷாட் என்னும் கடல்மீனைப் பிடித்து வளர்ந்தவன். எங்கள் இளமைக்காலத்தில் டிரவுட் ஆறுகளின் கரைகளும் சங்கங்களும் வெள்ளையருக்கே என்றிருந்ததால், மலையாறு எப்படியிருக்கும் என்றே தெரியாது. நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு, நாற்பது வயதைக் கடந்தபின்தான் ஃபிளை கோலைக் கையில் எடுத்தேன். அலைக்கு அப்பால் ஈயத்தை எறிந்து பழகிய தோள் இது. எவ்வளவு தூரம் எறிகிறாயோ அவ்வளவு மீன் என்ற எண்ணத்தை உதறவே எனக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன. எட்டு ஆண்டுகளுக்கு முன் மகனோடு ஹென்றீஸ் ஃபோர்க் போனபோது அந்தப் பழைய நோய் திரும்ப வந்தது. கண்ணாடி போன்ற நீரில் அறுபது அடிக்கு வீசி வீசி மீன்களை எல்லாம் ஓட்டினேன். மூன்றாம் நாள் காலை, கரையில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று புரிந்தது. அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஓரிருவரும் மீனுக்குப் பின்னால் நிற்கவில்லை. மேல்நீரில், சற்றுப் பக்கவாட்டில் நின்று, ஓட்டத்தோடு கீழ்நோக்கி ஃபிளையை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் என்று யோசியுங்கள். பின்னாலிருந்து மேல்நோக்கி வீசினால் லீடர் மீனின் தலைக்குமேல் விழுகிறது; ஃபிளைக்கு முன்பாகவே நரம்பை மீன் பார்த்துவிடுகிறது. மோய் ஆற்றின் கலங்கிய, சலசலக்கும் நீரில் அது தெரியாது. ஆகையால் அங்கே அந்த முறை சரி. ஊற்றாற்றில் மேலிருந்து அனுப்பும்போது மீன் காணும் முதல் பொருள் ஃபிளையாகவே இருக்கும். நரம்பு அதற்குப் பின்னால் வருகிறது.

அதைவிடப் பெரிய கேடு இழுவை. மேலே பார்த்தால் ஊற்றாறு படுத்திருக்கும் பட்டுத்துணிபோல் ஒரே சீராகத் தெரியும். ஆனால் அடியில் இருக்கும் நீர்ச்செடித் திட்டுகள் ஒவ்வொன்றும் ஓட்டத்தைப் பிளக்கின்றன, ஒரு முழத்துக்குள் நான்கு வேகங்கள் இருக்கும். நேராக விழுந்த நரம்பை இவை நாலு பக்கமும் இழுக்க, ஃபிளை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நகர்கிறது. நம் கண்ணுக்குத்தான் தெரியாது. உங்கள் மீன்கள் ஒரு விரற்கடை விலகி நின்றன என்றீர்களே, அது இந்த இழுவையைக் கண்டுதான் என்று அடித்துச் சொல்வேன். ஃபிளை பெரிதாக இருந்தது மட்டுமே காரணமென்றால் அவை அதைப் பொருட்படுத்தாமல் இருந்த இடத்திலேயே நின்றிருக்கும்.

செய்ய வேண்டியது இது: ஒரு மீனை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேலே முப்பது அடித் தொலைவில், அதன் நேர்கோட்டிலிருந்து விலகி, மண்டியிட்டு நில்லுங்கள். வீசிய நூல் காற்றில் இருக்கும்போதே கோலின் நுனியை மேல்நீர்ப் பக்கம் சாய்த்துவிடுங்கள். நூல் தளர்ந்து வளைவு வளைவாக விழ வேண்டும். ஃபிளை மீனுக்கு மூன்று நான்கு அடி முன்னால் இறங்கட்டும். பிறகு கோலைத் தாழ்த்தி, ஃபிளை மிதக்கும் வேகத்திலேயே நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போங்கள். மீன் எடுக்கவில்லையென்றால் நூலைப் பிடுங்காதீர்கள். அது மீனைத் தாண்டிப் போனபின் கோலைப் பக்கவாட்டில் நகர்த்தி, மெதுவாக இழுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் ஃபால் ரிவரும் பெரிய ஊற்றாறுதான். அங்கே படகில் நங்கூரமிட்டு இதே முறையில்தான் கீழ்நோக்கி விடுகிறார்கள்.

அண்டர்பெர்க் அக்கா எழுதியது:

இரண்டு பேருடைய பதிலையும் படித்தேன். ஃபிளையா, நிற்கும் இடமா என்ற வழக்கில் நான் ஷாட்கார ஐயாவின் பக்கம். ஆனால் துல்லியம் என்ற ஒன்றை இருவருமே விட்டுவிட்டார்கள்.

நீருக்கடியிலிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் ஒரு வட்டமான சன்னல் வழியாகத்தான் தெரியும். ஒளி நீரில் நுழையும்போது வளைவதால் வரும் விளைவு அது. சன்னலுக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் ஆற்றின் அடியையே திருப்பிக் காட்டும். அந்தச் சன்னலின் குறுக்களவு, மீன் நிற்கும் ஆழத்தைப்போல் இரண்டேகால் மடங்கு. இதைக் கணக்கிட்டுப் பாருங்கள்: நீங்கள் பார்த்த மீன்கள் மூக்கை நீட்டி உறிஞ்சின என்றால், அவை பரப்புக்கு மிக அருகில் நின்றிருக்கின்றன. பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்குச் சன்னலின் அகலம் ஒரு சாண். அதற்குள் வராத ஃபிளையை அது சரியாகப் பார்க்கப்போவதே இல்லை. நிமிடத்துக்கு இருபது எள் தானாகவே அந்த ஒரு சாணுக்குள் வரும்போது, பக்கத்தில் போவதைத் தேடி அது ஏன் நகர வேண்டும்? ஆகவே அறுபது அடி வீச்சைவிட, முப்பது அடியில் ஒரு சாண் பிசகாமல் போடும் கைதான் தேவை.

நரம்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 5எக்ஸ் என்பது 0.15 மில்லிமீட்டர், 6எக்ஸ் 0.13, 7எக்ஸ் 0.10. மீன் நரம்பைப் பார்க்கிறது என்பதைவிட, மெல்லிய நரம்பு வளைந்துகொடுத்து இழுவையைத் தள்ளிப்போடுகிறது என்பதே எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது. பன்னிரண்டு முதல் பதினைந்து அடி லீடர் கட்டுங்கள். அதில் கடைசி மூன்று நான்கு அடி 6எக்ஸாக இருக்கட்டும்.

அங்குள்ள மீன்களைக் குறைத்தும் மதிப்பிடாதீர்கள். பண்ணையில் வளர்த்து வாரந்தோறும் கொட்டும் மீன்கள் அல்ல அவை. ஆற்றிலேயே பிறந்தவை, பலமுறை பிடிபட்டு விடப்பட்டவை. பக்கத்து மாநிலமான மொன்டானாவில், மாடிசன் ஆற்றிலும் ஓ'டெல் கிரீக் என்ற ஊற்றோடையிலும் நடந்த ஆய்வில், பண்ணை மீனைக் கொட்டக் கொட்ட ஆற்றில் பிறந்த மீன் குறைகிறது என்று தெரிந்ததும், 1974 முதல் இயற்கையாகப் பெருகும் ஆறுகளில் மீன் விடுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆற்றில் பிறந்தது என்றால் பூர்விகம் என்று பொருளல்ல. ஹென்றீஸ் ஃபோர்க்கின் பூர்வ குடி கட்த்ரோட் டிரவுட், ரெயின்போ டிரவுட் அங்கே மனிதர் கொண்டுவந்தது. நம் ஆறுகளிலும் 1890இல் முட்டைகளாகக் கப்பலேறி வந்த பழுப்பு டிரவுட்டின் சந்ததிதானே? நம் முன்னோர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் வந்திறங்கி முப்பது ஆண்டுகள் கழித்து வந்தவை; ஊர்க்காரர்களாகிவிட்டன.

பயிற்சிக்கு அண்டை அயலிலேயே வாய்ப்பு இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மழை ஓய்ந்து மோய் ஆறு தெளிந்து மெலிந்து ஓடும். சலசலக்கும் இடங்களை விட்டுவிட்டு, நீங்கள் வழக்கமாக நின்றுகூடப் பார்க்காமல் கடந்துபோகும் நீண்ட, அசையாத மடுக்களின் வால்பகுதியில் மேலிருந்து கீழாக வீசிப் பழகுங்கள்.

மறக்காமல் ஒன்று: திரும்பும்போது காலணிகளைக் கழுவி, முற்றிலும் உலர்த்திக் கொண்டுவாருங்கள். நியூசிலாந்து சேற்று நத்தை என்ற அரிசியளவு நத்தை 1987இல் ஸ்னேக் ஆற்றில் கண்டறியப்பட்டு, அங்கிருந்து மேற்கின் பல ஆறுகளில் பரவிவிட்டது. ஒற்றை நத்தையே இனம் பெருக்கிவிடும். அதை மோய் ஆற்றுக்கு அழைத்து வர வேண்டாம்.

மோய்க்கரையான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரமாக அக்கா சொன்ன மடுக்களில்தான் நின்றுகொண்டிருக்கிறேன். முதல் வாரம் வெட்கக்கேடு. தளர்ந்த நூல் வீசுவதற்குப் பதினைந்து ஆண்டுப் பழக்கம் இடம் கொடுக்கவில்லை. நேற்று மாலை பன்னிரண்டடி லீடரோடு, மேலிருந்து, எழும்பிக்கொண்டிருந்த ஏழு மீன்களுக்கு விட்டேன். நான்கு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து ஃபிளையை எடுத்தன, கண்ணால் பார்த்தேன். ஆனால் கோலை உயர்த்தியதும் நான்கில் மூன்று வெறுமையாக வந்தன. நான்காவதில் 6எக்ஸ் அறுந்தது. எடுக்க வைத்துவிட்டேன், மாட்ட முடியவில்லை. இது என்ன புதுச் சோதனை?

கேப் ஓடைக்காரன் எழுதியது:

ஐயா, ஏழில் நான்கு எடுத்தது என்றால் சில்வர் கிரீக் வேலையில் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

முன்பு நீங்கள் மீனுக்குப் பின்னால் நின்றீர்கள். கோலை உயர்த்தினால் கொக்கி வாயின் ஓரத்துக்குள் இழுபடும். இப்போது மீன் உங்களைப் பார்த்தபடி நிற்கிறது. வாயை மூடுமுன் இழுத்தால், திறந்த கதவின் வழியே சாவியை வெளியே எடுப்பதுபோல் ஃபிளை அப்படியே வந்துவிடும். மீன் எடுத்ததும், மூக்கு நீருக்குள் இறங்கித் தலை கீழே திரும்பும்வரை காத்திருங்கள். நான் "முருகா" என்று ஒரு முறை மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் கோலைத் தொடுவேன். பிறகும் வெட்டி இழுக்க வேண்டாம். கோலைப் பக்கவாட்டில் சற்றே உயர்த்தி நூலை இறுக்கினால் போதும், அந்தச் சிறிய கொக்கி தானே ஏறிவிடும்.

நரம்பு அறுந்ததும் அதே காரணத்தால்தான். கீழ்நீரில் இருக்கும் மீனின் எடையோடு ஆற்றின் எடையும் சேர்ந்துகொள்கிறது. மாட்டிய உடனே கரையோரமாகக் கீழே நடந்து, மீனுக்கு நேராகவோ அதற்குக் கீழாகவோ போய்விடுங்கள்.

பழைய ஷாட்காரர் எழுதியது:

அப்படி நடக்கும்போது சில்வர் கிரீக்கில் காலடியைப் பார்த்து வையுங்கள், தம்பி. கூழாங்கல் என்று நம்பி மிதித்த இடத்துக்குப் பக்கத்திலேயே தொடையளவு சேறு இருக்கும். என் மகன் ஒரு காலணியை அங்கேதான் விட்டுவிட்டு வந்தான்.